கண் படாத மூலை

அம்மாவைக் காணவில்லை.

வினோதினி வீடியோவை நிறுத்தினாள். பின்னால் இழுத்து மறுபடி ஓட விட்டாள். ஒரு மணி நாற்பத்திரண்டாவது நிமிடம். நெடுங்கழனி பள்ளிக்கூட மைதானம், சாமியானா, நாற்காலி வரிசைகள், முன்னால் மேசை, மேசைக்குப் பின்னால் ஊராட்சித் தலைவர் கோதண்டம். எல்லாம் இருந்தன. கோதண்டத்தின் மேலுதட்டு வியர்வைகூட இருந்தது. ஆனால் கடைசி நாற்காலிகளுக்கும் அப்பால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தரையில் உட்கார்ந்திருந்த காலனிக்காரர்கள் அறுபத்து மூன்று பேரும் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் மண்ணும் நிழலும் இருந்தன. யாரும் மிதிக்காத இடம் மாதிரி கொஞ்சம் புல்கூட முளைத்திருந்தது.

மே ஒன்றாம் தேதி கிராமசபையில் அந்த இடத்திலிருந்துதான் அவளுடைய அம்மா பச்சையம்மாள் எழுந்து நான்கு நிமிடம் பேசினாள். மைக் தரவில்லை. வெறும் தொண்டையில் பேசினாள். பேசி முடித்ததும் அறுபத்து மூன்று பேரும் கை தூக்கினார்கள். படிக்கட்டின் மேல் கேமராவோடு நின்று அதையெல்லாம் பிடித்தவள் வினோதினி. ஜூன் மாதம் இதே வீடியோவை ஓட்டிப் பார்த்தபோது அம்மா இருந்தாள், தூக்கிய கைகள் இருந்தன. இப்போது ஆகஸ்ட் கடைசி.

யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யார் என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

விஷயம் இதுதான். காலனிக்கு மேற்கே பதினெட்டு ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு. அதன் ஒரு மூலையில் காலனியின் சுடுகாடு. வினோதினியின் அப்பா நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறார். அந்தப் பதினெட்டு ஏக்கரையும் சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று கேட்டது. கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள்: எதிர்ப்பு ஏதுமின்றி ஏகமனதாக நிறைவேறியது. வருகைப் பதிவேடு நாற்காலிகள் வரைக்கும் வந்து, அங்கிருந்தே திரும்பி மேசைக்குப் போய்விட்டது. தொட்டி நிழல் வரை அது என்றைக்கும் வந்ததில்லை. ஆக, பதிவேட்டின்படி காலனியிலிருந்து அன்று ஒருவரும் வரவில்லை. வந்தோம், வேண்டாம் என்றோம் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த வீடியோ. வினோதினி கலெக்டருக்கு மனு எழுதினாள், அதில் வீடியோவின் இணைய முகவரியைக் கொடுத்தாள், செப்டம்பர் பதினொன்றில் விசாரணை என்று கடிதம் வந்தது. அன்று நிரூபிக்க முடியாவிட்டால் அடுத்த மாதம் சுடுகாட்டைச் சுற்றி முள்கம்பி.

அவள் அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பி.எஸ்ஸி கணிப்பொறி அறிவியல். படித்து என்ன கிழித்தாள் என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை, முறைப்பாள். நகரத்தில் ஒரு போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்தில் பாட வீடியோக்களைச் சுருக்கி இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. கிராமசபை வீடியோவை முதலில் எல்லோரும் பார்க்கிற பெரிய தளத்தில்தான் ஏற்றினாள். நான்கே நாளில் யாரோ புகார் கொடுத்து அதை எடுக்க வைத்தார்கள். சரி, எவன் வீட்டுத் திண்ணையும் வேண்டாம், நம் வீடியோவை நாமே வைத்துக்கொள்வோம் என்று சொந்தமாக ஒரு தளம் தொடங்கினாள். அதற்கு ஒரு கணிப்பொறி வேண்டும், இருபத்து நான்கு மணி நேர இணைப்பு வேண்டும். நெடுங்கழனியில் இரண்டும் இருந்தது ஒரே ஒருவரிடம். கேபிள் டிவி தாமோதரன். ஊர்க்காரர். கோதண்டத்துக்குப் பங்காளி முறை.

அவர் உடனே சரி என்று சொன்னதே அவளுக்கு அப்போது இடித்தது. ஊர்த் தெருவில் ஒரு ஆள், பங்காளிக்கு எதிரான வீடியோவுக்கு, தன் அறையில் இடம் தருகிறார் என்றால் எதற்குத் தருவார்?

இதற்காகத்தான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் கேபிள் அறைக்குப் போனாள். தாமோதரன் ஒரு பெட்டியைத் திறந்து போட்டு, உள்ளே சின்ன பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். வா என்றார், லீவா என்றார். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, இந்த ரூம் சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. வூட்ல ஒண்ணு. இன்னா விஷயம்?"

"கிராமசபை வீடியோவ எவ்ளோக்கு வித்தீங்க?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எந்த நிமிடம் என்று மட்டும் கேட்டார். காட்டினாள். பார்த்தார். புல்லைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

பிறகு அவர் கணிப்பொறியின் பதிவுகளைத் திறந்தார். அந்த ஃபைலை யார் எப்போது தொட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. மே மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அது ஒருமுறை திருத்தி எழுதப்பட்டிருந்தது. எழுதியது தாமோதரனும் இல்லை, வேறு மனிதரும் இல்லை. எல்லா வரியிலும் ஒரே பெயர்: சிமிழ்.

சிமிழ் என்பது வீடியோவைச் சுருக்கும் மென்பொருள். இலவசம். அதை அங்கே நிறுவியவள் வினோதினி. அதற்காகவே அன்று பெருமைப்பட்டாள். இரண்டரை மணி நேர வீடியோ, நாற்பது ஜிபி. சிமிழ் அதை எழுபது எம்பி ஆக்கிக் கொடுத்தது. காலனிக் கோடியில், சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில்கூட, நிற்காமல் ஓடியது. பயிற்சி மையத்திலும் அவள் அதைத்தான் பயன்படுத்தினாள். ஒரு வாத்தியார், ஒரு போர்டு. துல்லியமாக இருக்கும்.

"நிறுவும்போது டிக் போடச் சொல்லி ஏழு கேள்வி கேட்டுதே, படிச்சியா?" என்றார் தாமோதரன்.

அவள் படிக்கவில்லை. ஏழுக்கும் போட்டாள். யார் படிக்கிறார்கள்?

அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினார். மூன்றாவது கேள்வி, பார்வையாளரின் கண் எங்கே நிற்கிறது என்பதை அவர் செல்போனின் முன்கேமரா வழியாகக் கணிக்கலாமா. ஐந்தாவது, அந்தக் கணிப்பை வைத்து வாரம் ஒருமுறை மேலும் சுருக்கலாமா. ஏழாவது, அசல் ஃபைலை நீக்கிவிடலாமா. டிஸ்க்கில் இடம் போதாமல் இருந்தது அப்போது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்றேன், தப்புன்னா திருத்து," என்றார் அவர். "மனுஷன் கண்ணு எங்க நிக்குதோ அத அது பத்திரமா வச்சிக்கும். நிக்காத எடத்த தூக்கிப் போட்டுடும். அப்பறம் யாராவது பாக்க வந்தா, அங்க இன்னா இருந்திருக்கும்னு அதுவா ஒண்ண வரைஞ்சி காட்டும். மரம் இருந்துச்சா, ஒரு மரம். செவுரு இருந்துச்சா, ஒரு செவுரு."

"மனுஷங்க இருந்தா?"

"பாக்கறதுக்கு ஆளு இருந்தா மனுஷங்க. இல்லாட்டி தரை."

அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். வீடியோவின் மேல் வண்ணம் தீட்டிய மாதிரி ஒரு படம். கண்கள் அதிகம் நின்ற இடம் சிவப்பு, நிற்காத இடம் கறுப்பு. ஆயிரத்து நூற்று நாற்பது பேர் பார்த்திருந்தார்கள், பெரும்பாலும் ஊர்க்காரர்கள். தங்களைத் தாங்களே பார்த்திருந்தார்கள். தலைவர் சிவப்பு. முன்வரிசைப் பட்டுப் புடவைகள் சிவப்பு. டீ கேன் இருந்த மூலைகூட சிவப்பு. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கறுப்பு.

அம்மா பேச எழுந்த இடத்துக்கு அவளே இழுத்துப் போய் நிறுத்தினாள். குரல் கேட்டதும் கண்கள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. அரை நொடி. யார் என்று தெரிந்ததும், அத்தனை கண்ணும் ஒன்றுபோலத் திரும்பிக் கோதண்டத்தின் முகத்தில் போய் நின்றுகொண்டன, அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க. அதனால்தான் அவருடைய வியர்வை அவ்வளவு தெளிவாக மிஞ்சியிருந்தது. ஒலியும் அப்படியே. மைக்கில் பேசினால் பேச்சு. மற்றதெல்லாம் இரைச்சல் என்று கழித்திருந்தது.

"காலனியில எத்தனை பேர் பாத்தாங்க?" என்றாள்.

"மொத்தமே மூணு தடவ. அதுல ரெண்டு தடவ நீ."

ஏன் பார்ப்பார்கள்? அவர்கள்தான் அன்று அங்கேயே இருந்தார்களே. உட்கார்ந்து கால் மரத்துப் போனதை மறுபடி டேட்டா செலவழித்து வேறு பார்க்க வேண்டுமா?

அவள் அதற்குப் பிறகும் தாமோதரனை நம்பிவிடவில்லை. பதிவைத் திறந்து காட்டத் தெரிந்தவருக்கு அதை மாற்றத் தெரியாதா? பயிற்சி மையத்துக்குப் போய், சிமிழ் சுருக்கிய பழைய பாட வீடியோக்களைத் திறந்தாள். ஒவ்வொரு வகுப்பின் நடுவிலும் வாத்தியாருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகும் மல்லிகா அக்கா எங்கே என்று தேடினாள். ஜனவரி வகுப்பில் இல்லை. மார்ச் வகுப்பில் இல்லை. போன வாரம் ஏற்றியதில் மட்டும், கதவோரம், பாதி கரைந்து நின்றிருந்தாள். தம்ளர் மட்டும் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது, வாத்தியார் அதைக் கையில் எடுப்பதால்.

அசல் இனிக் கிடைக்காது. கேமரா ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வாடகைக்கு எடுத்தது. மெமரி கார்டை அன்றே திருப்பிக் கொடுத்தாயிற்று, அதில் இந்நேரம் இருபது கல்யாணம் ஏறி இறங்கியிருக்கும். காலனியில் அன்று செல்போனை உயர்த்திய ஒரே ஆள் பக்கத்து வீட்டுக் கஜேந்திரன். அவன் எடுத்தது ஒன்றரை நிமிடம், முழுக்க அவனுடைய முகம்.

இரண்டு நாள் கழித்து தாமோதரன் போன் செய்தார். சிமிழ் செய்தவர்கள் எழுதி வைத்த குறிப்பைப் படித்தாராம். பார்வை கூடினால் அந்த இடத்தை அது மறுபடி நல்ல தரத்தில் கொண்டுவரும் என்று இருக்கிறதாம். ஆளுங்கள எல்லாம் பார்க்கச் சொல்லேன் என்றார்.

"உங்களுக்கு இதுல இன்னாண்ணா?" என்று நேரடியாகவே கேட்டாள்.

"எனக்கா? என் ரூம்ல இருக்கற மெஷின்ல கோல்மால் பண்ணிட்டேன்னு ஒரு பொண்ணு தெருத் தெருவா சொல்லிக்கினு திரியுது. அதான்."

அவள் சொல்லிக்கொண்டு திரிந்தது உண்மைதான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. வேறு வழியும் இல்லை.

அந்த வாரம் நெடுங்கழனி காலனி மொத்தமும் ஒரு வேலை பார்த்தது: ஒரு நிழலை உற்றுப் பார்த்தது. நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போன பெண்கள் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் அடியையே பார்த்தார்கள். வினோதினி ஒவ்வொருத்தியின் பின்னாலும் நின்று, இங்கே, தலைவரைப் பார்க்காதே, இங்கே என்று விரல் வைத்துக் காட்டினாள். கண்ணைச் சிமிட்டலாமா என்று ஒருத்தி கேட்க, சிமிட்டினா உன் தலை மட்டும் வராது, முண்டமாத்தான் வருவ என்றாள் இன்னொருத்தி. ஓவர்சீயர் வந்து என்னடி இது, தண்ணித் தொட்டிக்குப் பூசையா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது கண் நகர்ந்துவிடுகிறது என்று வினோதினி கத்தினாள்.

இருநூற்றுப் பதினேழு பேர். ஆளுக்கு நாலு தடவை, ஐந்து தடவை. பச்சையம்மாள் மட்டும் ஒரு தடவைதான் பார்த்தாள். நான் இல்லாத எடத்த நான் எத்தன வாட்டி பாக்கறது என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிமிழ் தன் வேலையை முடித்தது. வினோதினி வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அவள் லேப்டாப்பைத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்து, ஒரு மணி நாற்பத்திரண்டாவது நிமிடத்துக்கு இழுத்தாள்.

ஆட்கள் இருந்தார்கள்.

கஜேந்திரன் விசில் அடித்தான். அறுபது பேருக்கு மேலேயே இருக்கும். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு, சட்டைப் பொத்தானை எண்ணலாம். வினோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. தொட்டி நிழல் காலியாகவே இருந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்தது நாற்காலிகளில். ஊர்க்காரர்களின் வரிசையை ஒட்டி, அதே மாதிரி இன்னும் ஐந்து வரிசை நாற்காலி புதிதாக முளைத்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு முகம்கூடத் தெரிந்த முகம் இல்லை. தேய்த்த சட்டை, தலையில் பூ, கழுத்தில் செயின். கூட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று அது எங்கெங்கோ பார்த்து வைத்திருந்ததோ, அந்தக் கூட்டம்.

நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். வெளுத்த நிறம். மடிப்புக் கலையாத மாம்பழ நிறப் பட்டுப் புடவை. கையில் மைக்.

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி மக்களின் சார்பாக இந்தத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன்."

அறுபது பேரும் கை தூக்கினார்கள்.

பச்சையம்மாள் புடவை முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"யாருடி இவ?"

"நீதாம்மா."

"ஒழுங்கா சொல்லு. எந்த ஊரு?"

"எந்த ஊரும் இல்லம்மா. மைக் புடிச்ச பொம்பளன்னா எப்படி இருப்பா, இன்னா பேசுவான்னு அதுவே ஒண்ண செஞ்சிருக்கு."

பச்சையம்மாள் இன்னொரு முறை ஓட விடச் சொன்னாள். கடைசிவரை கேட்டாள். "புடவ நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வினோதினி தளத்தை மூடிவிடலாம் என்று போனை எடுத்தபோது தாமோதரனே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. ஒன்பதே காலுக்குக் கோதண்டம் வீட்டிலிருந்து அந்த வீடியோவைப் பதிவிறக்கம் செய்துவிட்டார்களாம். இனி மூடினால், மனு போட்டவளே சாட்சியை அழித்தாள் என்றுதான் எழுதுவார்களாம். அவர்களுக்கு எப்படி அந்த நேரம் சரியாகத் தெரிந்தது என்று கேட்டாள். திறந்த தளம்தானே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே என்றார். அவர் சொல்லிக் கொடுத்தாரா, ஏரிக்கரையில் இருநூறு பேர் ஒரு வாரமாகச் செய்த கூத்து ஊருக்குள் தானாகப் போய்ச் சேர்ந்ததா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பதினொன்றாம் தேதி ஒன்றிய அலுவலகக் கூட்ட அறையில் விசாரணை. அதிகாரி ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மேசையில் நாலு கோப்பு, கைக்கடிகாரத்தில் ஒரு கண். இந்தப் பக்கம் வினோதினியும் பச்சையம்மாளும் காலனியிலிருந்து எட்டுப் பேரும். அந்தப் பக்கம் கோதண்டம், ஊராட்சிச் செயலர், மூன்றாவது வார்டு உறுப்பினர் சிங்காரவேலு. சிங்காரவேலுவுக்கு அறுபத்தைந்து வயது. செல்போனில் படம் பார்க்கிற பழக்கமே இல்லாதவர். கூட வாருங்கள், ஏகமனதுதான் என்று சொல்லுங்கள், போதும் என்று கோதண்டம் கூட்டி வந்திருந்தார்.

"இது நாங்க எடுத்தது இல்ல மேடம்," என்று கோதண்டம் பென்டிரைவை நீட்டினார். "அவங்க வெப்சைட்டுல அவங்களே போட்டது. மனுவுலயும் இதத்தான் குறிச்சிருக்காங்க."

திரையில் ஓடியது. பட்டுப் புடவைக்காரி வரவேற்றாள். கைகள் உயர்ந்தன. அதிகாரி வினோதினியைப் பார்த்தார்.

வினோதினி எழுந்து சொன்னாள். கண்ணை வைத்துச் சுருக்குவது, பார்க்காததைத் தூக்கிப் போடுவது, பிறகு தானாக வரைவது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அபத்தமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"இந்த வீடியோவை இணையத்தில போட்டது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"இப்போ இது பொய்னு சொல்றதும் நீங்கதான்."

"ஆமா மேடம்."

"அப்போ உண்மையான வீடியோ எங்கம்மா?"

அசலை நீக்கலாமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று டிக் போட்ட தன் விரலை அவள் அந்த நேரத்தில் ஒடித்துப் போட்டிருப்பாள்.

பச்சையம்மாள் எழுந்தாள். அது நான் இல்லை, நான் தரையில் இருந்தேன், வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றாள். வீடியோவில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார் அதிகாரி. காட்ட ஒன்றும் இல்லை. இருந்தேன் என்று மறுபடி சொன்னாள். அதிகாரி தலையசைத்தார். எழுதவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லை, வீடியோவில் ஆள் இல்லை, வாய்வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். கொடுமையாகக் கேட்கவில்லை. அதுதான் வினோதினிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

யாரும் நிறுத்தாததால் திரையில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. சிங்காரவேலு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார்.

"யோவ் கோதண்டம். இன்னாய்யா இது?"

கோதண்டம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். உட்காருங்க மாமா என்றார்.

"இன்னாத்துக்கு உக்காரணும்? இந்தப் பக்கம் ஒக்காந்திருக்கறது எம் பொண்டாட்டி. அதுக்குப் பக்கத்து நாற்காலில எவ அது? காலனி ஆளுங்கன்னு சொல்றீங்க?"

"மாமா, அது வீடியோ. வுடுங்க."

"வீடியோன்னா? நாளைக்கு இத நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பான்? எங்க ஊர்ல எந்தக் காலத்துல மேடம் அவங்களுக்கு நாற்காலி போட்டோம்? எங்கப்பா காலத்துலயும் கெடையாது, என் காலத்துலயும் கெடையாது. சுத்தப் பொய் இது."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பேனாவை எடுத்தார். குரலை மாற்றாமல், சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"அப்படின்னா அவங்க அன்னிக்கு எங்க உக்காந்திருந்தாங்க ஐயா?"

"வழக்கமா உக்கார்ற எடத்துலதான். தொட்டிகிட்ட, தரையில."

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"இருப்பாங்க அறுபது எழுபது பேரு. தோ, இந்தம்மாதான் எழுந்து நின்னு கத்திக்கினு இருந்துச்சி, சுடுகாட்ட குடுக்க மாட்டோம், குடுக்க மாட்டோம்னு. அப்பறம் எல்லாம் கையத் தூக்கிச்சிங்க. அவங்க பேச்ச யாரு கேட்டா? ஆனா தரையிலதான் இருந்தாங்க மேடம். அத எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். கோதண்டம் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். எழுதி முடித்ததை அதிகாரி உரக்கப் படித்தார். சரிதானா என்று கேட்டார். சிங்காரவேலு நிமிர்ந்து நின்றபடி, ரொம்ப சரி என்றார். தன் ஊரின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. தீர்மானத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கிறேன், கிராமசபையை மறுபடி கூட்ட வேண்டியிருக்கும் என்றார் அதிகாரி. காலனிப் பக்கம் கஜேந்திரன் மட்டும் கை தட்டப் போய், யாரும் தட்டாததைப் பார்த்துக் கையைக் கீழே போட்டான்.

வினோதினிக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மாவின் தொண்டையை நம்பாத மேசை, அறுபத்து மூன்று கைகளை நம்பாத மேசை, அந்த ஆளின் அருவருப்பை ஒரே நிமிடத்தில் நம்பிவிட்டது.

சிங்காரவேலு குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடி எழுதறாரு?" என்றாள் பச்சையம்மாள்.

"நீ அன்னிக்கு இருந்தன்னு. பேசினன்னு."

"அதத்தான் நானே சொன்னனே."

"நீ சொன்னத அவங்க எழுதலம்மா. அவரு சொன்னத எழுதிக்கிட்டாங்க."

பச்சையம்மாள் மேசைக்கு நடந்து போனாள்.

"மேடம், நானும் கையெழுத்துப் போடணும்."

தேவையில்லைம்மா, இது அவருடைய வாக்குமூலம் என்றார் அதிகாரி, கோப்பை அடுக்கியபடியே.

"பேசினது நான்தானே. பேனாவக் குடுங்க."

அதிகாரி கோப்பை எடுத்து வைக்கப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அவர் தலையைத் தூக்கிப் பச்சையம்மாளின் முகத்தை முழுதாக ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். காகிதத்தின் அடியில் இடம் இல்லை. சிங்காரவேலுவின் பெயருக்கு மேலே ஒரு விரல் அளவு வெற்றிடம் இருந்தது. பச்சையம்மாள் அங்கே, அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள்.